பதேங்கா கடற்கரைக்கு முதல் முறை போகிறவர்களுக்கு

நீலக் கடலையும் வெள்ளை மணலையும் எதிர்பார்த்துப் பதேங்காவுக்குப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும். வங்கதேசத்தில், சட்டோகிராம் (சிட்டகாங்) நகரை ஒட்டி, கர்ணபுலி ஆறு கடலில் கலக்கும் முனை அது. ஆறு கொண்டுவரும் வண்டலால் தண்ணீர் எப்போதும் தேநீர் நிறத்தில் இருக்கும். கரை நெடுகக் கான்கிரீட் கட்டைகள், மணல் கொஞ்சம்தான். குளிக்கவும் நீந்தவும் ஆசைப்படுகிறவர்கள் நேராகக் காக்ஸ் பஜாருக்குப் போய்விடலாம். 2023 டிசம்பரிலிருந்து அங்கே ரயிலும் போகிறது.

பதேங்காவின் சிறப்பு அங்கே வரும் மக்கள். சட்டோகிராம் நகரின் ஆடைத் தொழிற்சாலைப் பெண்களும், துறைமுகத்தில் வேலை செய்பவர்களும், ரிக்‌ஷா ஓட்டுகிறவர்களும் வாரத்தில் கிடைக்கும் ஒரே ஓய்வு மாலையைக் கழிக்க வரும் கரை அது. நாட்டின் முதல் ஏற்றுமதி வளாகமான சிட்டகாங் ஈபிஇசட் 1983 முதல் நகரிலிருந்து கடற்கரைக்கு வரும் இதே சாலையில்தான் இயங்குகிறது. அதைத் தாண்டி இன்னும் தெற்கே வந்தால் கர்ணபுலி ஈபிஇசட். இரண்டு வளாகத்து ஆட்களுக்கும் பக்கத்தில் இருக்கும் கடல் இதுதான். அதனால் எந்த நாள், எந்த நேரம் என்பதில் தொடங்கி என்ன விலை கொடுப்பது என்பது வரை எல்லாவற்றையும் அவர்களை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

நாளும் நேரமும்

வங்கதேசத்தில் வார விடுமுறை வெள்ளி, சனி. தொழிற்சாலைகளில் பெரும்பாலானவற்றுக்கு வெள்ளி மட்டும்தான். பதேங்காவின் கலகலப்பைப் பார்க்க வெள்ளி மாலை 4 மணி சுமாருக்குப் போய்ச் சேருங்கள். ஜும்மா தொழுகை முடிந்து, சாப்பிட்டு, உள்ளதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு குடும்பம் குடும்பமாக வந்து இறங்கும் நேரம் அது. நண்பகல் 12 முதல் 2 வரை தொழுகை நேரம் என்பதால் கடைகள் பாதி மூடியிருக்கும், பேருந்துகளும் குறைவு. அந்த நேரத்தில் கிளம்பாதீர்கள்.

கூட்டம் ஒத்துக்கொள்ளாதவர்கள், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் ஞாயிறு முதல் வியாழன் வரை ஏதாவது ஒரு நாள் மாலை 3 மணிக்கு வரலாம். ஈத் பெருநாளை ஒட்டிய இரண்டு மூன்று நாட்கள் கரையில் கால் வைக்க இடம் இருக்காது, வண்டி வாடகையும் ஏறிவிடும். ரமலான் மாதத்தில் பகலில் தின்பண்டக் கடைகள் திறப்பதில்லை. நோன்பு திறந்த பிறகுதான் வியாபாரம் களைகட்டும்.

மாதம் பார்த்தால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை நல்லது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் வங்கக் கடலில் புயல் உருவாகும். கிளம்புமுன் துறைமுக எச்சரிக்கை எண்ணைக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்த ஊரில் தேநீர்க் கடையில் நிற்பவருக்கும் அது தெரிந்திருக்கும். 1, 2 என்றால் புயல் தொலைவில் இருக்கிறது. 3 வந்தால் இங்கேயே காற்று வலுக்கும், அன்று கான்கிரீட் கட்டைகளில் இறங்கக் கூடாது. 4 அல்லது அதற்கு மேல் என்றால் பயணத்தையே தள்ளிப்போடுங்கள். 8, 9, 10 பேரபாய எண்கள்.

இந்த எண்களை அந்த மக்கள் இவ்வளவு கவனமாகப் பார்ப்பதற்குக் காரணம் 1991 ஏப்ரல் 29. அன்று இரவு வந்த புயலும் கடல் பொங்கியதும் இந்தக் கரையோரத்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோயின. நீங்கள் நடக்கப்போகும் உயர்ந்த கரையும் அடுக்கியிருக்கும் கட்டைகளும் கடலைத் தடுப்பதற்காக வந்தவை. வயதானவர்களிடம் இதைப் பற்றி வேடிக்கைக்காகக் கேட்காதீர்கள். அவர்களாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளலாம்.

ஓதம் பார்ப்பது

புதியவர்கள் பெரும்பாலும் கோட்டைவிடும் விஷயம் இது. ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி, இரண்டு முறை இறங்கும்; இதுதான் ஓதம். நேரம் தினமும் ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஏற்றத்துக்கு அங்கே ‘ஜோவார்’ என்று பெயர், இறக்கத்துக்கு ‘பாட்டா’. ஏற்ற நேரத்தில் போனால் மணலே கண்ணில் படாது. தண்ணீர் கட்டைகளின் மேல் வந்து அடிக்கும். இறக்கத்தில்தான் நடக்க இடம் கிடைக்கும்.

சட்டோகிராமுக்கான ஓத அட்டவணையைக் கைபேசியில் பார்த்து, இறக்கம் மாலை 4 மணிக்கும் 6 மணிக்கும் இடையில் வரும் நாளைத் தேர்ந்தெடுங்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்ற இறக்கம் இரண்டுமே பெரிதாக இருக்கும். மணல் அகலமாக விரியும், திரும்பி ஏறும் தண்ணீரும் வேகமாக வரும். அட்டவணை கைவசம் இல்லையென்றால் டாப், அதாவது இளநீர், விற்பவரிடம் “ஏகோன் ஜோவார், நா பாட்டா?” என்று கேளுங்கள். சரியாகச் சொல்வார்.

போய்ச் சேர்வது

டாக்காவிலிருந்து சட்டோகிராமுக்கு ரயிலில் ஐந்து முதல் ஆறு மணி நேரம் ஆகும். சுபர்ணா எக்ஸ்பிரஸ், சோனார் பாங்லா எக்ஸ்பிரஸ் இரண்டும் வசதியானவை. விமானத்தில் வந்தால் ஷா அமானத் விமான நிலையமே பதேங்காவில்தான் இருக்கிறது. பெட்டியோடு நேராகக் கடற்கரைக்குப் போக நினைக்காதீர்கள், அங்கே சாமான் வைக்க இடம் கிடையாது. முதலில் அறைக்குப் போய்விட்டு வாருங்கள். தங்குவதற்கு ஆக்ராபாத் அல்லது ஜிஇசி மோர் பக்கம் நல்லது. இரண்டிலிருந்தும் கடற்கரைக்கு நேர் வண்டி கிடைக்கும்.

நகரிலிருந்து கடற்கரை சுமார் 14 கிலோமீட்டர். சாலை காலியாக இருந்தால் 45 நிமிடம்; நெரிசலில் மாட்டினால் ஒன்றரை மணி நேரம். வேலை நாட்களில் காலை 7 முதல் 9 வரையும் மாலை 5 முதல் 7 வரையும் ஈபிஇசட் வாசலில் ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில் சாலையைக் கடப்பார்கள். வண்டி நகராது. அந்த நேரத்துக்கு முன்பே அந்த இடத்தைத் தாண்டிவிட வேண்டும்.

பேருந்தில் போவதானால் 10ஆம் எண் வண்டி வசதி. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. எண்ணை வங்க எழுத்தில்தான் எழுதியிருப்பார்கள். வங்க எழுத்தின் 1 நமக்கு 9 போலத் தெரியும். ஆக 10ஆம் எண் பலகை உங்கள் கண்ணுக்கு 90. வங்க 4 நம்முடைய 8 போலவே இருக்கும், 7 மறுபடியும் 9 போல. இந்த மூன்று எழுத்துகளையும் முந்தின இரவே பழகிக்கொள்ளுங்கள். கடை விலைப்பலகையிலும் இதே குழப்பம் வரும், 80 என்று நீங்கள் படிப்பது 40 ஆக இருக்கும்.

ஏறுமுன் உதவியாளரிடம் “சீ பீச் ஜாபே?” என்று கேட்டுவிடுங்கள். சில வண்டிகள் ஈபிஇசட்டோடும் சில காட்கரோடும் நின்றுவிடும். காட்கரில் இறங்க நேர்ந்தால் பயமில்லை, அங்கிருந்து ரிக்‌ஷாவில் கொஞ்ச தூரம்தான். வழியில் வரும் நிறுத்தங்களை நினைவில் வைத்துக்கொண்டால் எங்கே இருக்கிறோம் என்று தெரியும்: ஆக்ராபாத், பாரிக் பில்டிங், சால்ட்கோலா, ஈபிஇசட், சிமென்ட் கிராசிங், ஸ்டீல் மில், காட்கர், சீ பீச். ஸ்டீல் மில்லை மூடி இருபத்தைந்து ஆண்டுக்கு மேல் ஆகிறது, அந்த நிலத்தில்தான் இப்போது கர்ணபுலி ஈபிஇசட் இருக்கிறது. ஆனாலும் நடத்துநர் கூவுவது இன்றைக்கும் “ஸ்டீல் மில், ஸ்டீல் மில்” என்றுதான்.

ஆட்டோவுக்கு அங்கே ‘சிஎன்ஜி’ என்று பெயர். பச்சை நிறம், இருபக்கமும் கம்பிக் கதவு. மீட்டரை நம்பிக் கிளம்பாமல் ஏறுமுன் வாடகை பேசுங்கள். தங்கியிருக்கும் இடத்தின் வரவேற்பறையில் “இன்றைக்கு சீ பீச்சுக்கு என்ன வாடகை” என்று கேட்டு அந்தத் தொகையை மனதில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து இருபது முப்பது டாக்கா (நாணயத்தின் பெயரும் அதுதான்) கூடக் குறையப் பேசினால் போதும். லால்கான் பஜாரிலிருந்து பதேங்கா வரை மேம்பாலச் சாலை இருக்கிறது, ஈபிஇசட் நெரிசலுக்கு மேலாகவே போய்விடலாம். அதில் சுங்கம் உண்டு. அதை யார் கட்டுவது என்பதையும் ஏறுமுன்பே பேசிவிடுங்கள். இறங்கும்போது வரும் சண்டைகளில் பாதி இதனால்தான்.

கையில் என்ன வேண்டும்

சில்லறை. 10, 20, 50 டாக்கா நோட்டுகளாகக் குறைந்தது ஐந்நூறு டாக்காவை நகரிலேயே மாற்றிக்கொள்ளுங்கள். கரையில் ஆயிரம் டாக்கா நோட்டை நீட்டினால் வரும் பதில் “பாங்தி நாய்”, சில்லறை இல்லை. உள்ளூர்க்காரர்கள் கைபேசியில் பிகாஷ் வழியாகக் கொடுப்பார்கள், வெளிநாட்டவருக்கு அந்தக் கணக்கு இருக்காது.

ஒரு லிட்டர் தண்ணீர், பட்டை வைத்த செருப்பு, கடவுச்சீட்டின் நகல். மேற்படி சாமானோடு ஒரு சின்னத் துண்டும் இருந்தால் நல்லது, ஈரச் சேறு காலில் பசை போல ஒட்டும். கழிப்பறைக்குக் கிளம்பும் இடத்திலேயே போய்விட்டு வருவது உத்தமம். வெள்ளி மாலையில் கரையில் இருப்பவற்றை நம்ப முடியாது, பெண்களுக்கு இது இன்னும் முக்கியம்.

உடை விஷயத்தில் ஆணும் பெண்ணும் முழங்காலுக்குக் கீழே மூடிய உடுப்பு. பெண்களுக்குச் சல்வாரும் துப்பட்டாவும் போதும். அங்கே பெண்கள் உடுத்திய உடையோடு கால் நனைப்பார்கள், அவ்வளவுதான். நீச்சலுடைக்கு இடமில்லை.

கரையில் இறங்குவது

கரை மூன்று படியாக இருக்கும். மேலே 15 கிலோமீட்டர் சொச்சம் நீளும் வெளிவட்டச் சாலை. அடுத்த படியில் நடைபாதையும் இருக்கைகளும். அதற்கும் கீழே கான்கிரீட் கட்டைகள், பிறகு மணல். சாலையைக் கடக்கும்போது நிதானம் வேண்டும். கனரக லாரிகளும் பந்தயம் விடும் மோட்டார் சைக்கிள்களும் ஒரே தடத்தில் வரும்.

கட்டைகளில் காய்ந்து வெளுத்திருப்பவற்றில் மட்டும் கால் வையுங்கள். பச்சையோ கறுப்போ படிந்திருந்தால் அது பாசி, செருப்பு எதுவானாலும் வழுக்கும். கட்டைகளுக்கு நடுவே ஒரு கால் முழுதாக இறங்கும் அளவுக்கு இடைவெளி உண்டு. அங்கே அடிக்கடி நடப்பது இதுதான்: கட்டை நுனியில் உட்கார்ந்து சூரியனைப் படம் எடுக்கிறார்கள், கைபேசி நழுவி இடுக்கில் விழுகிறது, எடுக்கக் கையை விடுகிறார்கள், ஏறும் தண்ணீர் உள்ளே வருகிறது. விழுந்ததை விட்டுவிட்டுப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். வளைந்த கம்பி வைத்திருப்பவர் யாராவது இருப்பார்.

தண்ணீரில் முழங்கால் வரை போதும். ஆற்று நீரோட்டமும் ஓதமும் மோதும் இடம், அடியில் சேறு, கலங்கலில் ஆழம் தெரியாது. நன்றாக நீந்தத் தெரிந்தவர்களுக்கும் இந்தக் கடல் சரிப்படாது. குழந்தைகளின் சட்டைப் பையில் உங்கள் தொலைபேசி எண்ணை எழுதி வைத்துவிடுங்கள். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் குழந்தை கை நழுவுவது சகஜம்.

மேற்கே சூரியன் இறங்கியதும் உடனே கிளம்பிவிடாதீர்கள். அரை மணி நேரம் பொறுத்தால் கடலுக்குள் ஒரு ஊர் விளக்கேற்றியது போல இருக்கும். உள்ளே வர முறைக்காகக் காத்திருக்கும் கப்பல்கள் அவை. துறைமுகத்தின் ஜெட்டிகள் ஆற்றுக்குள் இருப்பதால், கப்பல்கள் ஓதம் ஏறும் நேரம் பார்த்துத்தான் நுழைய முடியும். 2023 முதல் 200 மீட்டர் நீளமும் தண்ணீருக்கடியில் 10 மீட்டர் ஆழமும் கொண்டவை வரை அனுமதிக்கிறார்கள். அதைவிடப் பெரியவை வெளியிலேயே நின்று சரக்கைச் சிறு கப்பல்களுக்கு மாற்றிவிடும். காலையில் ஈபிஇசட்டில் சட்டை தைத்தவர்கள் மாலையில் இங்கே உட்கார்ந்து, அந்தச் சட்டைகள் போகும் வழியைப் பார்க்கிறார்கள். பதேங்காவில் பார்க்க வேண்டியது எது என்று கேட்டால் இந்த அரை மணி நேரத்தைத்தான் சொல்ல வேண்டும்.

பேச்சு

கடைக்காரர், ரிக்‌ஷாக்காரர், பேருந்து உதவியாளர் எல்லாரையும் “மாமா” என்று கூப்பிடலாம். நம் சொல்லேதான், பொருளும் தாய்மாமன்தான். மரியாதைக்கு மரியாதை, உரிமைக்கு உரிமை. பெண்களை “ஆபா”, வயதானவரை “சாச்சா”. எந்த ஊர் என்று கட்டாயம் கேட்பார்கள். சென்னை என்று சொன்னால் பலருக்கு உடனே வேலூர் ஆஸ்பத்திரி நினைவுக்கு வரும். சிகிச்சைக்காக அங்கே வந்துபோன உறவினர் ஒருவராவது அநேக வீடுகளில் இருப்பார். அப்புறம் பேச்சு வளர்ந்துவிடும், தேநீரும் வந்துவிடும்.

விலை கேட்க “கொதோ?”. வேண்டாம் என்று சொல்ல “லாக்பே நா”. இதைச் சிரித்த முகத்தோடு இரண்டு முறை சொன்னால் விற்பவர் போய்விடுவார். ஆங்கிலத்தில் ‘நோ’ என்றால் பேரம் தொடங்கிவிட்டதாக எடுத்துக்கொள்வார். அவர்களுக்குள் பேசிக்கொள்ளும் சாட்காயா மொழி டாக்காக்காரர்களுக்கே பிடிபடாது, நீங்கள் வங்காளத்தில் பேசினால் அவர்களும் மாறிக்கொள்வார்கள்.

சாப்பாடு

ஃபுச்கா கடையில் ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். உருண்டைப் பூரியின் தலையைக் கட்டைவிரலால் உடைத்து, வேகவைத்த மஞ்சள் பட்டாணியும் உருளைக்கிழங்கும் பிசைந்த கலவையை அடைத்து, மேலே அவித்த முட்டையைத் துருவி, பக்கத்தில் ஒரு கிண்ணம் புளித்தண்ணீர் வைப்பார்கள். அதன் பெயர் ‘டொக்’. வயிற்றைக் கெடுப்பது பெரும்பாலும் இந்த டொக்தான், அது காய்ச்சாத தண்ணீர். புதியவர்கள் “டொக் சாடா” என்று சொல்லி அது இல்லாமல் வாங்குங்கள். சொட்பொட்டி சூடாகக் கிடைக்கும், அதே பட்டாணியைக் கொதிக்கக் கொதிக்கத் தட்டில் ஊற்றுவதால் பயம் குறைவு. மேலே தூவும் வெள்ளரியை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். முட்டை சேர்ப்பது வழக்கம் என்பதால் சைவர்கள் “டிம் சாடா” என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஜால்முரி என்பது கடுகெண்ணெய் விட்டுக் குலுக்கிய பொரி. காகிதப் பொட்டலத்தில் வரும், நடந்துகொண்டே சாப்பிட அதற்கு இணை இல்லை.

நண்டு வறுவலுக்கு நேவல் போக வேண்டும். கடற்படை அகாடமிச் சாலையில், ஆறு கடலில் சேரும் ஓரத்துக்கு மக்கள் வைத்த பெயர் அது. சீ பீச்சிலிருந்து ரிக்‌ஷாவிலோ சிஎன்ஜியிலோ சிறிது நேரம்தான். முழு நண்டை மசாலா புரட்டி எண்ணெயில் பொரித்துத் தருவார்கள். கூடவே பேயாஜு, பருப்பும் வெங்காயமும் சேர்ந்த சின்னச் சின்னப் பக்கோடா. நண்டை நீங்களே கையில் எடுத்துப் பார்த்து, “எக் பீஸ் கொதோ?” என்று விலையைக் கேட்டு, எண்ணிக்கையைச் சொல்லி, அதன் பிறகே எண்ணெயில் போடச் சொல்லுங்கள். பொரித்த பிறகு கேட்கும் விலையில் பேச ஒன்றும் இருக்காது. அளவில் பெரிதாக இருந்தும் கையில் கனக்காவிட்டால் உள்ளே சதை குறைவு, அதை ஒதுக்குங்கள்.

பேசி முடிவு செய்ய வேண்டிய மூன்று

படக்காரர்கள், குதிரை, விரைவுப் படகு. படக்காரரிடம் “ஒரு படம் இவ்வளவு” என்று மட்டும் பேசிவிட்டு நின்றால் அவர் நூறு படம் எடுத்துவிட்டு நூறுக்கும் காசு கேட்பார். “பத்து படம், மொத்தம் இவ்வளவு, நான் தேர்ந்தெடுப்பேன்” என்று சொல்லி, எடுத்த கையோடு கைபேசிக்கு மாற்றி வாங்கிய பிறகு பணம் கொடுங்கள். குதிரையில் எங்கிருந்து எதுவரை என்று கையைக் காட்டிப் பேசுங்கள், திரும்பி வரவும் சேர்த்துத்தானா என்று கேளுங்கள். படகில் உயிர்காப்புச் சட்டை தராவிட்டால் ஏறாதீர்கள். தந்தாலும் இடுப்புப் பட்டை பூட்டுகிறதா என்று இழுத்துப் பாருங்கள்.

பேரத்துக்கு ஓர் அளவு வைத்துக்கொள்ள வேண்டும். 2023 டிசம்பரில் ஆயத்த ஆடைத் தொழிலாளிக்கு நிர்ணயித்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் 12,500 டாக்கா. அந்தப் பணத்தை நம்பித்தான் இந்தக் கரையின் கடைகள் ஓடுகின்றன, அதனால் விலைகளும் அதற்கேற்ப இருக்கும். பெரிய ஏமாற்றைத் தடுத்துக்கொள்ளுங்கள். ஜால்முரிக்காரரிடம் ஐந்து டாக்காவுக்காக வாக்குவாதம் வேண்டாம்.

படம் எடுப்பதில் இரண்டு கட்டுப்பாடு. பெண்களையும் குடும்பங்களையும் கேட்காமல் எடுக்கக் கூடாது. கேட்டால் பல பேர் மகிழ்ச்சியாக நிற்பார்கள், தங்கள் கைபேசியிலும் உங்களோடு ஒன்று எடுத்துக்கொள்வார்கள். கடற்படைத் தளம், விமான நிலையம், எண்ணெய்க் கிடங்குகள் பக்கம் கேமராவைத் திருப்பவே கூடாது. ட்ரோனை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.

அக்கரைக்குப் போக

கர்ணபுலி சுரங்கச் சாலை 2023 அக்டோபர் 28 அன்று திறந்தது. நீளம் 3.32 கிலோமீட்டர், ஆற்றுக்கு அடியில் போகும். சிஎன்ஜி, மோட்டார் சைக்கிள், நடந்து போகிறவர்கள் யாருக்கும் அனுமதி இல்லை. தெரியாமல் சிஎன்ஜியில் நுழைவாயில் வரை போய்த் திரும்புகிறவர்கள் உண்டு. கார் பிடித்துத்தான் போக வேண்டும், திறந்தபோது காருக்கு வைத்த சுங்கம் 200 டாக்கா. சிக்கனமாகப் போக 15 நம்பர் காட் என்ற படகுத்துறைக்கு வாருங்கள். விமான நிலையத்துக்குப் பக்கம். மக்களோடு மக்களாகப் படகில் ஆற்றைத் தாண்டி, அக்கரையில் சிஎன்ஜி எடுத்தால் ஆட்கள் குறைவான பார்க்கி கடற்கரை. இதைப் பகலிலேயே முடித்துவிடுங்கள்.

திரும்புவது

வெள்ளியன்று சூரியன் இறங்கியதிலிருந்து இரவு 8 மணி வரை எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புவார்கள். வண்டி கிடைக்கும் என்று காட்கருக்கு நடக்காதீர்கள், அங்கே வரும்போதே பேருந்து நிரம்பியிருக்கும். சீ பீச்சிலேயே, வண்டி புறப்படும் இடத்தில் ஏறி உட்கார்ந்துவிடுங்கள். முன்பக்க இருக்கைகள் பெண்களுக்கானவை. கட்டணத்தை ஓடும்போதுதான் வாங்குவார்கள். இருபது டாக்கா நோட்டு ஒன்றைக் கையில் தயாராக வைத்துக்கொண்டு, இறங்கும் இடத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதும், மீதியைத் தருவார்.

இறங்குமிடம் நெருங்கும்போது எழுந்து கதவருகே வந்து நில்லுங்கள். வண்டி முழுதாக நிற்காது, வேகம் குறையும், அவ்வளவுதான். உதவியாளர் பேருந்தின் தகரத்தை உள்ளங்கையால் இரண்டு முறை தட்டி “பாம் பா! பாம் பா!” என்பார். இடது காலை முதலில் வை என்கிறார். முகம் வண்டி போகும் திசையில் இருக்க வேண்டும், இடது கால் தரையில் பட்டதும் இரண்டு அடி முன்னால் ஓட வேண்டும். வலது காலை முதலில் வைத்தால் உடம்பு பின்பக்கம் திரும்பி விழுந்துவிடுவீர்கள். அப்படி இறங்க முடியாதவர்கள் “தாமான், மாமா” என்று உரக்கச் சொல்லுங்கள். வண்டியை நிறுத்துவார்.